அலகும் உருளையும்

ஆற்றல் என்பது வினைசெய்வதற்குரிய இருப்பு. திறன் என்பது அவ்விருப்பு எவ்வளவு விரைவாகச் செலவாகிறது என்பதன் அளவு. இவ்விரண்டையும் பிரித்தறிந்தோர்க்கு மின்கட்டணம் ஒரு கணக்காகத் தெரியும். அறியாதோர்க்கு அஃது இரு திங்களுக்கு ஒருமுறை வந்திறங்கும் ஊழாகத் தெரியும். மின்விசிறியின் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் 75 வாட்டு அதன் திறன். அவ்விசிறி ஒரு மணிநேரம் சுழன்று உண்ட 75 வாட்டுமணி அது கொண்ட ஆற்றல். வீட்டு இணைப்புகளுக்கிருந்த நிலைக்கட்டணம் 2022 செபுதம்பரில் நீக்கப்பட்டுவிட்டதால், தமிழ்நாட்டு இல்லங்கள் இன்று திறனுக்கோ இணைப்புக்கோ அன்றி, உண்ட ஆற்றலுக்கே விலை தருகின்றன. திருப்பெரும்புதூரிலோ ஒரகடத்திலோ பணிபெற்று, காஞ்சிபுரத்தில் வீடெடுத்துக் குடியேறும் ஒருவர் முதற்கட்டணம் வருமுன்பே அதன் தொகையைத் தாமே கணித்துவிடலாம் என்பதையும், அக்கணிப்பிற்குத் தமிழே போதும் என்பதையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆயிரம் வாட்டு திறனுள்ள கருவி ஒரு மணிநேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றல் ஓர் அலகு. ஊரார் ‘யூனிட்’ என்பது இதனையே. இஃது 36 நூறாயிரம் யூலுக்கு நிகர். இவ்வெண்ணின் பருமையை உணர வேண்டுமாயின், இழப்பு ஏதுமின்றிச் செயற்படும் ஒரு பொறி ஓர் அலகைக்கொண்டு ஆயிரம் கிலோ எடையை 367 மீட்டர் உயரத்திற்குத் தூக்கிவிடும் என்று அறிக. ஏகாம்பரநாதர் கோயிலின் அரச கோபுரத்தைப்போல் ஆறு மடங்கு உயரம் அது. இன்னும் அணுக்கமான அளவுகோல் காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிகளில் உண்டு. உடல்நலமுள்ள ஒருவர் நாள்முழுதும் தளராது ஆற்றக்கூடிய உடலுழைப்பின் திறன் ஏறத்தாழ 75 வாட்டு. மிதிகட்டையை மிதித்தும் நாடாவை எறிந்தும் எட்டு மணிநேரம் நெய்யும் நெசவாளியின் தசைகள் தறிக்கு ஈயும் ஆற்றல், இக்கணக்கின்படி, மிகுந்தாலும் 0.6 அலகே. இரு திங்களுக்கு 400 அலகிற்குள் நிற்கும் வீட்டில் அதன் விலை மூன்று உரூபாவைத் தொடாது. பட்டுச்சேலையின் விலை ஆற்றலின் விலையன்று, கைத்தேர்ச்சியின் விலை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இயற்பியலில் கிடையாது.

வீட்டுக் கருவிகள், ஆற்றலை எதுவாக மாற்றுகின்றன என்பதைக்கொண்டு, ஒளி தருவன, இயக்கம் தருவன, வெப்பம் தருவன, வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கடத்துவன என நால்வகைப்படும். ஒளியுமிழ் விளக்கு 9 வாட்டிலும் 20 வாட்டிலும் அடங்கிவிடும். அணைக்க மறந்த விளக்கைப் பற்றிப் பிள்ளைகளைக் கடிவோர் பெரும்பாலும் தவறான இடத்தில் சினம் கொள்கின்றனர். விசிறி திறனிற் சிறியது, ஓட்டத்தில் நெடியது. ஆகையால் திங்களிறுதியில் அதன் பங்கு பெரிது. தேய்ப்புப்பெட்டியும் வெந்நீர்க்கலனும் ஆயிரம், ஈராயிரம் வாட்டு கொண்டு அச்சுறுத்தினும் சிறிது நேரமே இயங்குவன. பதினைந்து லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடேற்ற 0.31 அலகே போதும் என்பதை நீரின் வெப்பக்கொள்ளளவே சொல்லிவிடும். குளிர்ப்பெட்டியும் வளிபதனியும் (இதனை ஊரே ‘ஏ.சி.’ என்னும்) நான்காம் வகையைச் சேர்ந்தவை, இவற்றின் அமுக்கி விட்டுவிட்டு இயங்குவதால், பெட்டிமேல் உள்ள வாட்டை மணியால் பெருக்கிக் காணும் தொகை மெய்ச்செலவைக் காட்டாது.

அவ்வாறாயின் மெய்ச்செலவைக் காட்டுவது எது? திண்ணைச் சுவரில் தொங்கும் மின்மானியே. அதன் முகப்பில் ஒரு செந்நிறப் புள்ளி விட்டுவிட்டு ஒளிர்வதைப் பலரும் கண்டிருப்பர். அதனருகே ஓர் அலகிற்கு இத்தனைத் துடிப்பு என்று பொறித்திருப்பதைப் படித்தோர் சிலரே. அவ்வெண் 3200 எனக் கொள்வோம். ஓர் அலகு 36 நூறாயிரம் யூல். அதனை 3200 ஆல் வகுத்தால் ஒரு துடிப்பிற்கு 1125 யூல். எனவே ஒரு மணித்துளியில் எண்ணிய துடிப்புகளை 18.75 ஆல் பெருக்கினால் அந்நேரத்தில் வீடு கொண்டிருக்கும் திறன் வாட்டில் கிடைத்துவிடும். பதினாறு துடிப்பெனில் 300 வாட்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு கருவியை ஓடவிட்டு எண்ணினால், அதன் திறனை விற்றவரின் சொல்லை நம்பாமல் தாமே அளந்தவராவோம். எல்லாம் அணைந்த பின்னும் புள்ளி துடிக்குமாயின், வேறெவரோ நம் இணைப்பிலிருந்து மின்சாரம் கொள்கின்றனர், அன்றேல் எங்கோ கசிவு உண்டு. வீடு பிடிக்கும் நாளிலேயே செய்து பார்க்கத்தக்க ஆய்வு இது.

இனி விலை. தமிழ்நாட்டில் விலையை வரையறுப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பெறுவது தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம். வாரியம் கழகமாகிப் பல்லாண்டு கடந்தும் மக்கள் வாயில் அது இன்னும் ‘ஈ.பி.’ தான். இரு திங்களுக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து, மானியின் எண்ணைக் குறித்து, வெள்ளை அட்டையில் பதிகிறார். அந்நாளிலிருந்து இருபது நாளுக்குள் தொகையைச் செலுத்துதல் வேண்டும். அலகுகளுக்கு ஒரே விலை கிடையாது; ஏற ஏற விலை ஏறும் படிமுறை உண்டு. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த விலைப்படி, முதல் 100 அலகு கட்டணமற்றது. 101 முதல் 200 வரை அலகிற்கு உரூபா 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. இத்துடன் நின்றிருந்தால் இஃதோர் எளிய ஏணி. ஆயின் இரு திங்கட் செலவு 500ஐக் கடந்த நொடியிலேயே வேறோர் அட்டவணை ஆட்சிக்கு வருகிறது. அதில் 2.35 என்னும் சலுகைப்படியே இல்லை. 101 முதல் 400 வரை முழுதும் 4.70, 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்குமேல் 11.55. ஆகவே 500 அலகு உண்ட வீடு 1805 உரூபா கட்ட, 501 அலகு உண்ட வீடு 2048 உரூபா 40 காசு கட்டுகிறது. அந்த ஐந்நூற்றோராவது அலகின் விலை 243 உரூபா 40 காசு! தமிழ்நாட்டிலேயே விலைமிக்க மின்னலகு இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

கணவனும் மனைவியும் ஒரு பிள்ளையும் வாழும் வீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று விசிறிகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் சுழன்றால் 2.7 அலகு; குளிர்ப்பெட்டிக்கு ஒன்று; விளக்கு, தொலைக்காட்சி, மின்னம்மி, தேய்ப்புப்பெட்டி, நீரேற்றி அனைத்திற்கும் சேர்த்து 1.3. ஆக நாளுக்கு ஐந்து, அறுபது நாளுக்கு 300 அலகு, கட்டணம் 705 உரூபா. வேனில் வந்து, இரவுதோறும் வளிபதனி நான்கு அலகு கொள்ளுமாயின் செலவு 540 அலகாகும். கட்டணமோ 2376 உரூபாவாகும். செலவு ஒருமடங்கு கூட மிகாதிருக்க, கட்டணம் மும்மடங்கைக் கடந்துவிட்டது. ஆனால் அதே வீடு வளிபதனியின் குளிர்நிலையை ஓரிரு பாகை உயர்த்தி, விசிறியைத் துணைக்கு வைத்து, நாற்பது அலகைக் குறைத்துக்கொள்ளுமாயின் 571 உரூபா மிஞ்சும். அதாவது விட்ட அலகு ஒவ்வொன்றிற்கும் பதினான்கு உரூபாவிற்குமேல். எங்குக் குறைக்கிறோம் என்பதைவிட, எந்தப் படியில் நின்று குறைக்கிறோம் என்பதே தொகையை முடிவுசெய்கிறது. எனவே கிழமைக்கொருமுறை மானியின் எண்ணைத் தாமே குறித்துவருதல் நன்று. நாற்பதாம் நாளில் 330ஐத் தாண்டினால் அறுபதாம் நாளில் 500ஐத் தொடுவோம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

குடிக்கூலிக்கு வருவோரை இப்படிமுறை மற்றொரு வகையிலும் தொடுகிறது. தனியிணைப்பு இல்லாத வீடுகளில் உரிமையாளர் ஒரு கிளைமானி (‘சப்மீட்டர்’) பொருத்தி அலகிற்கு எட்டு, ஒன்பது உரூபா கேட்பது பல ஊர்களில் உள்ள வழக்கம். தனியிணைப்பில் 150 அலகிற்கு 117 உரூபா 50 காசே ஆகுமிடத்து, எட்டு உரூபாக் கணக்கில் அது 1200. உரிமையாளர் பக்கத்திலும் ஓரளவு முறையுண்டு என்பதை மறைத்தலாகாது: முந்நூறு முந்நூறாகத் தனித்து நின்றால் 1410 உரூபாவில் முடியும் இரு வீட்டுச் செலவு, ஒரே மானிவழிப் பாய்ந்தால் 600 அலகாகி 2880 உரூபாவாகிவிடும். ஆயினும் அந்த 2880ஐ 600ஆல் வகுத்தால் அலகிற்கு 4.80 தான் வருகிறது. எட்டிற்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பேசித் தீர்த்துக்கொள்வது முன்பணம் கொடுக்குமுன் செய்யவேண்டிய வேலை.

தறியுள்ள வீட்டிற் குடியேறுவோர்க்கு ஒரு குறிப்பு. கைத்தறி நெசவாளர்க்கு இரு திங்களுக்கு 200 அலகாக இருந்த கட்டணமில்லா மின்சாரம் 2023 மார்ச்சில் 300 அலகாகவும், விசைத்தறிக்கு 750 என்பது 1000 ஆகவும் உயர்த்தப்பட்டன. கைத்தறி தானே மின்சாரம் உண்பதில்லை. அதன்மேல் தொங்கும் விளக்கும் அருகிற் சுழலும் விசிறியுமே உண்பவை. 20 வாட்டு விளக்கும் 75 வாட்டு விசிறியும் நாளுக்குப் பத்து மணிநேரம் என வைத்து, நான்கு தறிகளுக்குக் கணக்கிட்டாலும் 228 அலகைத் தாண்டாது. இச்சலுகை நெசவிற்கு உரியது. அவ்விணைப்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வளிபதனியை ஓட்டுவது முறையாகாது.

மின்சாரம் இருப்பில் வைக்கப்படாமல் ஓட்டத்தில் அளக்கப்படுவது; எரிவளியோ எடையால் அளந்து உருளையில் அடைத்துத் தரப்படுவது. வீட்டு உருளையிலுள்ளது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த பாறைநெய் வளி. அழுத்தத்தால் நீர்மமாகி உள்ளே கிடந்து, திறப்பானைத் திருகியதும் வளியாகி எழுகிறது. அதன் அளவு 14.2 கிலோ. வெற்றுருளையின் எடை அதன் கழுத்துத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும், அவ்வெடையுடன் 14.2ஐக் கூட்டிய தொகை தராசில் வருகிறதா என்று, கொண்டுவருபவரை நிறுத்திப் பார்ப்பது வாங்குவோரின் உரிமை. அத்தகடுகளின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகளுள் ஒன்றும் ஆண்டும் இருக்கும். உருளையை அடுத்து ஆய்வுசெய்யவேண்டிய காலாண்டை அது குறிக்கும். ஊருக்குப் புதியவராய் முகவரிச்சான்று இன்னும் கைக்கு வராதோர், அடையாளச் சான்று மட்டும் காட்டி ஐந்து கிலோச் சிற்றுருளையை வாங்கிக்கொள்ளலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் சில பகுதிகளுக்குக் குழாய்வழி எரிவளியும் வரத்தொடங்கியுள்ளது; அது பருமீட்டரில் அளக்கப்படும்; ஒரு பருமீட்டர் உருளைவளியில் முக்கால் கிலோவிற்குச் சற்று மேற்பட்ட வெப்பம் தரும்.

சமையலில் வளி வீணாவது எங்கே என்பதற்கு வரதராசப் பெருமாள் கோயிலின் இட்டலி நல்ல பாடம். மூங்கிற் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகும் சுக்கும் கலந்த மாவை ஊற்றி, மணிக்கணக்கில் நீராவியில் வேகவைப்பது அதன் முறை. திறந்த கலத்தில் நீர் கொதித்த பின் அதன் வெப்பநிலை நூறு பாகையைத் தாண்டுவதில்லை. தழலை எவ்வளவு பெரிதாக்கினும் மாவு விரைந்து வேகாது, நீர்தான் விரைந்து வற்றும். ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொணரும் வெப்பத்தைப்போல் ஏழரை மடங்கிற்கும் மேற்பட்ட வெப்பம் அதனை முழுதும் ஆவியாக்கச் செலவாகிறது. கொதி வந்ததும் தழலைச் சிறிதாக்கி மூடிவைப்பவர் சுவையில் எதையும் இழப்பதில்லை. வளியில் பெரும்பகுதியைக் காக்கிறார்.

உருளையையும் அலகையும் ஒரே தராசில் நிறுத்தலாம். ஒரு கிலோ வளி எரிந்தால் ஏறத்தாழ 460 நூறாயிரம் யூல், 14.2 கிலோவிற்கு 181 அலகு. இந்தியத் தர நெறிப்படி அடுப்பின் வெப்பப் பயன் 68 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. அதனையே கொண்டால் கலத்தைச் சேர்வது 123 அலகு. சென்னையில் 2025 ஏப்பிரலில் உருளையின் விலை 868 உரூபா 50 காசு; எனவே பயன்படும் ஓர் அலகு வெப்பம் ஏழு உரூபா. தூண்டலடுப்பு (‘இண்டக்‌சன்’) ஏறத்தாழ 85 விழுக்காட்டை மாவிற்கும் சோற்றிற்கும் சேர்க்கும். அதில் அவ்வொரு அலகின் விலை 4.70 படியில் ஐந்தரை உரூபா, 6.30 படியில் 7.40, 8.40 படியில் பத்திற்கு அருகில். எது மலிவு என்னும் வினாவிற்கு, எந்த வீட்டில், எந்தப் பருவத்தில் என்று திரும்பக் கேட்டாலன்றி மறுமொழி கிடையாது.

ஓர் உருளை நாற்பத்தைந்து நாள் வரும் வீட்டில் இரு திங்களுக்கு வளிச்செலவு 1158 உரூபா. சமையல் முழுவதையும் தூண்டலடுப்பிற்கு மாற்றினால் கூடும் மின்செலவு 193 அலகு. வளிபதனியுடன் 540 அலகில் நிற்கும் வேனில் வீட்டில் அந்த 193 அலகின் விலை 1761 உரூபா. மாற்றியதால் அறுநூறு உரூபா இழப்பு. கூதிர் வந்து விசிறியின் ஓட்டமும் குறைந்து, 210 அலகிற்கு இறங்கிய அதே வீட்டில் அந்த 193 அலகின் விலை 912 உரூபாவே. உருளையோடு ஒப்பிட 246 உரூபா மிச்சம்.