பாட்டியும் ஒரு மர பெஞ்சும்... மன அழுத்தத்துக்கு ஜிம்பாப்வே கண்ட வழி!

2005-ம் ஆண்டு. ஜிம்பாப்வேயைச் சேர்ந்த மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். சொன்ன தேதியில் மகளை ஏன் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரவில்லை என்று கேட்டதற்கு, அம்மா சொன்ன பதில் அவரை உலுக்கிவிட்டது. பஸ் கட்டணமான 15 டாலர் அவர்கள் கையில் இல்லை!

அப்போது ஒரு கோடிக்கும் அதிகமான மக்களுக்கு அந்த நாட்டில் இருந்த மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். நோயாளிகள் டாக்டரைத் தேடி வர முடியாது என்றால், சிகிச்சைதான் அவர்கள் தெருவுக்குப் போக வேண்டும். ஆனால், கொண்டுபோக ஆள்?

தலைநகர் ஹராரேயின் உம்பாரே பகுதியில் சுகாதாரப் பணி செய்துவந்த 14 பாட்டிகள் கிடைத்தார்கள். பேச அறை இல்லை. கிளினிக்குக்கு வெளியே மர பெஞ்ச் போட்டார்கள். சிபாண்டா அதற்கு 'மனநல பெஞ்ச்' என்று பெயர் வைத்தார். 'அப்படிச் சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள்' என்று மாற்றச் சொன்னவர்களும் பாட்டிகளே. அது 'நட்பு பெஞ்ச்' ஆனது.

பெஞ்சில் என்ன நடக்கும்?

'டிப்ரஷன்' என்ற வார்த்தையைப் பாட்டிகள் பயன்படுத்துவதில்லை. உள்ளூர் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள். 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள். வேலை போனது, வீட்டில் அடி உதை, எச்.ஐ.வி பாதிப்பு என வந்தவர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும்வரை பாட்டி கேட்பார். பிறகு, அவற்றில் ஒரே ஒரு பிரச்னையை வந்தவரே தேர்ந்தெடுப்பார். அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் அவரே யோசித்துச் சொல்ல வேண்டும். பாட்டி உடன் இருப்பார், அவ்வளவுதான். மொத்தம் ஆறு சந்திப்புகள். நிலைமை தீவிரமாக இருந்தால், மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பலன் இருக்கிறதா?

புது மருந்தைச் சோதிப்பதுபோலவே இதையும் சோதித்தார்கள். ஹராரேயின் 24 கிளினிக்குகள், 573 பேர். பாதி கிளினிக்குகளில் பெஞ்ச். மீதியில் வழக்கமான சிகிச்சையும் மனநலம் பற்றிய விளக்கமும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 50 பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் பேசியவர்களில் 14 பேருக்கு மட்டுமே! 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான 'ஜாமா'வில் இந்த முடிவு வெளியானது.

பாட்டிகள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். வழிநடத்த நிபுணர்களும் உண்டு. ஆகவே, 'வீட்டில் பேசினாலே போதும், டாக்டர் எதற்கு?' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால், அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. வீட்டில் யாராவது மனம்விட்டுப் பேசத் தொடங்கினால், 'இதுக்கெல்லாமா கவலைப்படுறது?' என்று நடுவில் வெட்டாதீர்கள். போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் முழுவதும் கேளுங்கள்.

(மன உளைச்சலோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் அழையுங்கள்: தமிழ்நாடு அரசின் 104 அல்லது மத்திய அரசின் 14416.)