விசைப்படகும் புரியிடைத் தூரமும்

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகேறியபோது, பின்னால் பொங்கிய நுரையைக் கண்டு வியந்தேன். நீரைத் தள்ளிப் படகை நகர்த்துவது புரொப்பெல்லர்.

சிறு விசைப்படகின் புரொப்பெல்லரில் 13, 19 என்று பொறித்திருந்தால், விட்டம் 13 அங்குலம். புரியிடைத் தூரம் 19 அங்குலம். நம் ஆய்வகத் திருகு அளவியைப் போலவே, வழுக்காமல் ஒருமுறை சுழன்றால் அது முன்னேறும் தூரம் இது. நீரில் சிறிது வழுக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? வழக்கமான சுமையுடன் முழுவேகத்தில் ஓட்டுக. இஞ்சின் தனக்குரிய சுற்றுகளை எட்டாவிடில் புரியிடைத் தூரம் குறைந்ததை மாட்டுக. மீறினால் கூடியதை மாட்டுக. தவறினால் எரிபொருளும் வீண், இஞ்சினும் பழுது.

பனமரத்துப்பட்டி திரும்பி, லாரி ஓட்டும் தந்தையிடம் விளக்கினேன். "பாரத்தோட மலையேறயில டாப் கியர் போட்டா வண்டி திணறுமே, அதுதானப்பா?" என்றார்.

அதேதான்! பள்ளி வாசல் மிதியாத அவர் அறிந்ததற்கு, நான் கல்லூரியில் கற்றது அளவு மட்டுமே.