மரியன் சிம்ஸ்: புகழும் பழியும்

மருத்துவ வரலாற்றிலே ஒருவர் செய்த நன்மையை அளக்கும்போது, அந்நன்மை எவருடைய துன்பத்தின் மீது எழுந்தது என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அமெரிக்கச் சத்திரவைத்தியர் ஜேம்ஸ் மரியன் சிம்ஸின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

1813 ஆம் ஆண்டிலே தென் கரோலைனாவிற் பிறந்த சிம்ஸ், பின்னர் அலபாமா மாநிலத்து மொன்ற்கொமறி நகரில் வைத்தியத் தொழில் புரிந்தார். நெடுநேரம் நீடித்த பிரசவத்தின் விளைவாகப் பெண்கள் சிலர்க்குச் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை உண்டாகும். சிறுநீர் இடையறாது கசிய, அவர்கள் பிறரால் ஒதுக்கப்பட்டு வருந்துவர். அன்று இதற்கு நம்பத்தக்க பரிகாரம் இருந்திலது.

1845 முதல் 1849 வரை, தம் இல்லத்தின் பின்புறத்தே அமைத்த சிறு வைத்தியசாலையில், இந்நோயுற்ற அடிமைப் பெண்கள் பலர்க்குச் சிம்ஸ் மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சை செய்தார். மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை. அவர்களுள் அனார்க்கா, பெற்சி, லூசி என்னும் மூவரின் பெயர்களையே அவர் குறித்துவைத்தார். 1849 இல் வெள்ளிக் கம்பியாலே தைத்தபோது அனார்க்காவின் புண் ஆறியது. அஃது அவள் தாங்கிய 30 ஆவது சிகிச்சையாகும்.

1852 இல் இம்முறையை வெளியிட்ட சிம்ஸ், 1855 இல் நியூயோர்க்கிலே பெண்களுக்கென வைத்தியசாலையொன்று தோன்றக் காரணரானார். 1876 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவருமானார். 1883 இல் அவர் இறந்தபின், 1894 இல் நியூயோர்க்கில் அவருக்குச் சிலை எழுந்தது.

அப்பெண்கள் நோய் தீர வேண்டித் தாமே இசைந்தனர் எனச் சிம்ஸ் எழுதினார். ஈதரின் பயன் 1846 இலேதான் வெளிப்பட்டது. ஆதலின் அக்கால வைத்தியர் பலரும் அதனைக் கையாளத் தயங்கினர் என்பர் அவர் சார்பினர். இவை முற்றும் தள்ளத்தக்கன அல்ல. எனினும், சட்டப்படி இசைவு அளித்தவர் உடைமையாளரேயாவர். மறுக்கும் உரிமையில்லாதவரின் உடன்பாடு உடன்பாடு ஆகுமா? அப்பெண்கள் தம் வாய்மொழியாகக் கூறியதெதுவும் எழுத்திலே பதிவாகவில்லை.

2018 இல் நியூயோர்க் மத்திய பூங்காவின் ஓரத்தில் நின்ற சிலை அகற்றப்பட்டது. 2021 இல் மொன்ற்கொமறியில் அம்மூவர்க்கும் நினைவுச் சின்னம் எழுந்தது. சிம்ஸ் கண்ட முறை பல்லாயிரம் பெண்களின் துயர் தீர வழிகாட்டியது. அவ்வழியைத் தம் உடலால் திறந்தவர் இப்பெண்கள். இவ்விரண்டனுள் ஒன்றை மறைத்துக் கூறும் வரலாறு நிறைவுடையதாகாது.