ஹாஸ்டல் கூரையில் இருக்கும் அந்தக் கருவிகள் எதற்கு?

பிள்ளையைக் கல்லூரி ஹாஸ்டலில் சேர்க்கப் போகிறீர்கள். அறையின் மேற்கூரையில் வெள்ளையாக ஒரு வட்டப் பெட்டி தெரியும். பெரிய கட்டடமாக இருந்தால், குழாய் நுனியில் சிவப்பாக ஒரு சிறு கண்ணாடிக் குமிழும் தெரியும். முன்னது புகையைக் கண்டு மணி அடிக்கும். பின்னது தீயின் மேல் தண்ணீர் தெளிக்கும்.

நம் பக்கத்தில் இதற்கெல்லாம் தேவை வருமா? வந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டவர்களை வைத்திருந்த கீற்றுக் கொட்டகை ஒன்று எரிந்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 2024 செப்டம்பர் 12 அதிகாலை, மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் பெண்கள் இறந்தார்கள். இரண்டுமே ஊர் உறங்கும் நேரத்தில் நடந்தவை.

புகை வந்தால் மூக்கே எழுப்பிவிடாதா? எழுப்பும் என்று நம்பியிருக்க முடியாது. ஆழ்ந்து தூங்கும்போது வாசனை நமக்கு உறைப்பதில்லை. புகையில் கார்பன் மோனாக்சைடு (நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு) வேறு இருக்கும். அது மயக்கத்தைக் கொடுக்கும். தீ விபத்துகளில் பலரைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான். அதனால்தான் காதைப் பிளக்கும் மணி வேண்டும்.

அந்த வட்டப் பெட்டியின் பெயர் ஸ்மோக் டிடெக்டர் (புகை உணரும் கருவி). உள்ளே ஓர் ஒளிக்கதிர் ஓடிக்கொண்டிருக்கும். புகை நுழைந்தால் அந்த ஒளி சிதறும், உடனே மணி அடிக்கும். கொசுவர்த்தியைக் கருவிக்கு நேர் கீழே கொளுத்தினாலும், சாம்பிராணி போட்டாலும் அடிக்கக்கூடும். இந்தத் தொல்லைக்காகப் பிள்ளைகள் அதன் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். கட்டிய பை கட்டியபடியே கிடக்கும், நிஜமாகவே புகை வரும் இரவிலும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? வார்டன் அறையிலோ வாசலிலோ ஒரு பேனல் (எந்த இடத்தில் புகை என்று காட்டும் பெட்டி) இருக்கும். அதில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஏதோ பழுது என்று பொருள். பேட்டரியில் ஓடும் தனிக் கருவி என்றால், விட்டு விட்டு ‘கீச்’ என்று கத்தினால் பேட்டரி தீர்கிறது.

அடுத்தது ஸ்பிரிங்க்ளர் (தண்ணீர் தெளிப்பான்). சினிமாவில் ஒருவன் தீக்குச்சியைக் காட்டினால் கட்டடம் முழுக்க மழை கொட்டும். நிஜத்தில் சாதாரண வகையில் சூடு பட்ட தெளிப்பான் மட்டுமே திறக்கும். குமிழுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து கண்ணாடியை உடைக்கும், அடைபட்டிருந்த தண்ணீர் பாயும். சிவப்புக் குமிழ் உடைவது 68 டிகிரி செல்சியஸில்.

நம் சித்திரை வெயிலுக்கே உடைந்துவிடாதா? உடையாது. வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும் 68 வெகு தூரம். தகரக் கூரைக்கு அடியில் சூடு ஏறும் என்பதால் அங்கே 79 டிகிரிக்கான மஞ்சள் குமிழோ, 93 டிகிரிக்கான பச்சைக் குமிழோ போடுவார்கள். ஆனால் தெளிப்பானில் ஹேங்கரை மாட்டித் துணி காயப்போட்டால் குமிழ் உடைந்துபோகலாம். பிறகு வால்வை மூடும்வரை தண்ணீர் நிற்காது.

நம் கரையோரத்தில் எனக்கு உள்ள கவலை வேறு இரண்டு. ஒன்று உப்புக்காற்று. இராமேஸ்வரம், பாம்பன் பக்கம் இரும்புச் சன்னல் கம்பியையே அது தின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். குழாய், வால்வு, தீயணைப்பு சிலிண்டரின் அடிப்பகுதி எல்லாவற்றையும் அது அரிக்கும். குழாயின் மூட்டுகளில் துரு வழிந்த தடம் இருக்கிறதா, சிலிண்டர் மீட்டரின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். மற்றொன்று தண்ணீர். லாரித் தண்ணீர் வாங்கிக் குளிக்கும் ஊரில், தீக்கென்று ஒதுக்கிய தொட்டியில் கை வைக்கத் தோன்றும். தொட்டி காலி என்றால் தெளிப்பான் வெறும் அலங்காரம். ‘தீக்கு எந்தத் தொட்டி? இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? கரண்ட் போனால் பம்ப் எதில் ஓடும்?’ என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

தெளிப்பானே இல்லையே என்கிறீர்களா? வீட்டை மாற்றி நடத்தும் இரண்டு மாடி விடுதிகளில் பெரும்பாலும் இருக்காது. அங்கே மணியாவது இருக்க வேண்டும். அதைவிட, வழி திறந்திருக்க வேண்டும்.

மணி உங்களுக்குச் சில நிமிடங்களைத்தான் வாங்கித் தரும். அந்த நிமிடங்களில் கிரில் கேட் பூட்டிக் கிடந்தால் என்ன பயன்? இரவு பத்து மணிக்குப் பூட்டுவது பாதுகாப்புக்காக என்பார்கள். சரி, சாவி யாரிடம்? அவர் எங்கே படுக்கிறார்? சன்னல் கம்பியில் திறக்கும் பகுதி உண்டா? இரண்டாவது படிக்கட்டில் பழைய கட்டிலும் மெத்தையும் அடைத்து வைத்திருக்கிறார்களா? ஏர்வாடிக்குப் பிறகும் இந்தக் கேள்விகளை நாம் கேட்காமல் இருப்பது தவறு.

மணி அடித்தால் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? பையையும் லேப்டாப்பையும் தேடக் கூடாது. கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுடவில்லை என்றால் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் இறங்க வேண்டும். லிப்ட் வேண்டாம். புகை இருந்தால் குனிந்தோ தவழ்ந்தோ போக வேண்டும். கதவு சுட்டாலோ, படிக்கட்டில் புகை அடைத்திருந்தாலோ அறைக்குள்ளேயே இருந்து, கதவிடுக்கில் ஈரத் துணியைச் செருகி, சன்னல் பக்கம் நின்று குரல் கொடுக்க வேண்டும். 101 அல்லது 112க்கு அழைத்து, விடுதிப் பெயரையும் மாடியையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டா? உண்டு. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை நடத்தத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உரிமத்தையும் தீயணைப்புத் துறைச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தாலோ, இரவுச் சாவி யாரிடம் என்ற கேள்விக்கு மழுப்பினாலோ, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு விடுதி பாருங்கள்.