இருளை அளக்கும் அவரை

பொன்னுருகக் காயும் புரட்டாசி வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே, செங்கல்பட்டுச் சீமையின் கொல்லைகளுக்கு ஒரு நிறைகாலம் வாய்க்கிறது. ஆடிப்பட்டத்தில் ஊன்றியவை எல்லாம் கைக்கு வந்து சேரும் காலம் அது. கொளவாய் ஏரியைச் சுற்றிய வீடுகளிலும், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடலோரத்திலும், விடிந்ததும் ஒருவர் முறத்தோடு தோட்டத்தில் இறங்குகிறார். முற்றுவதற்குள் ஒடிக்க வேண்டிய பிஞ்சு வெண்டை, முள்காம்போடு கத்தரி, நுனியில் கட்டிய கல்லின் கனத்தில் நேராக இறங்கிய புடலை, தோலைக்கூடத் துவையலுக்கு விட்டுத்தரும் பீர்க்கு. முறம் நிறைந்ததும் நாம் உள்ளே போய்விடுகிறோம். நம் பார்வை காயோடு நின்றுவிடுகிறது. அந்தக் காயை ஆக்கித் தந்த பேரொழுங்கை ஏறிட்டுப் பார்க்க நமக்குப் பொழுதில்லை.

தலைகுனிந்து நிற்கும் கத்தரிப் பூவைப் பாருங்கள். அதன் மகரந்தம் மஞ்சள் பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியேற நுனியில் ஊசிமுனையளவு துளைதான் உண்டு. காற்றின் அசைவில் கொஞ்சம் உதிரும். ஆனால் அதை முழுதாய்த் திறக்கும் வித்தை கருவண்டுக்குத் தெரியும். பூவை இறுகப் பற்றி, சிறகை விரிக்காமலே, பறப்பதற்கான தசைகளை மட்டும் அது அதிரவிடுகிறது. ரீங்காரத்தில் மகரந்தம் பொடியாய்ச் சொரிகிறது. நம் தேனீக்கு அந்த அதிர்வு கைவரவில்லை. எந்த வண்டின் எந்த நடுக்கத்துக்கு எந்தக் கதவு திறக்க வேண்டும் என்று யார் வகுத்தது? பக்கத்துப் பந்தலில் புடலையோ, பொழுது சாய்ந்த பிறகே நூல்நூலாய்ப் பிரிந்த வெள்ளிதழ்களை விரித்து, இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்குக் காத்திருக்கிறது. நாம் உறங்கும்போதும் கொல்லையில் வேலை நிற்பதில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கொடி மட்டும் காய்க்காமல் பந்தலை மூடி நிற்கிறது. அதுதான் கொடி அவரை. ஆடியில் மற்றவற்றோடு விதைத்தும், வெறும் இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கிறது. பொறுமையற்றவர் அதை வெட்டி எறிந்துவிடுவதும் உண்டு. அவரை சோம்பியிருக்கவில்லை, அது இருளை அளந்துகொண்டிருக்கிறது.

பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வால் செப்டம்பர் 23ஐ ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே போகிறது. இரவு பகலைவிட நீளத் தொடங்குகிறது. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். வாரத்துக்கு வாரம் கூடும் இருள் சில நிமிடம். நமக்கு உறைப்பதே இல்லை. அவரை இலைக்கு உறைக்கிறது. இலைக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்னும் நிறமி வெளிச்சம் அணைந்ததை உணர்கிறது; செடியின் உள்கடிகாரம் அந்த நேரத்திலிருந்து கணக்கு வைக்கிறது. தேவையான நீளத்துக்கு இரவு வளர்ந்ததும், இலையிலிருந்து மொட்டுக்குச் செய்தி போகிறது. ஊதாவும் வெள்ளையுமாய்ப் பூங்கொத்துகள் நிமிர்கின்றன. பகல், இரவின் நீளத்துக்கேற்பச் செடிகள் பூக்கும் உண்மையை அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் புகையிலை, சோயாவைக் கொண்டு 1920இல் எழுதினார்கள். நம் பாட்டிமார், அவரை பனிக்குத்தான் காய்க்கும் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். இரண்டும் ஒரே அறிவுதான் என்பேன்.

ஒரு கோளின் சாய்வு உள்ளங்கையளவு இலையில் பதிவாகிறது! மண்ணுக்குள்ளோ, அதே அவரையின் வேர் முடிச்சுகளில், கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் குருதியின் நிறப்பொருளுக்கு உறவான ஒன்று தரும் சிவப்பு அது.

மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசுப் பாறையில் பேருருவ யானைகளைச் செதுக்கிய பல்லவச் சிற்பிகள், அவற்றின் காலருகே தவம் செய்யும் பூனைக்கும் எலிகளுக்கும் இடம் தந்தார்கள். பெரியதில் சிறியது தொலைந்துபோகக் கூடாது என்பதை அவர்கள் இயற்கையிடம்தான் கற்றிருக்க வேண்டும். அந்தப் பாறையின் முன் மெய்ம்மறந்து நிற்கும் நாம், வீட்டுப் பந்தலை நிமிர்ந்தும் பார்க்காமல் கடக்கிறோம்.

கொடி அவரை போட்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு முழுதும் காய்க்கும் செடி அவரை ரகங்களுக்கு இது பொருந்தாது. பந்தலின் மேல் விடிய விடிய விளக்கு எரிந்தால், ஆவணி பிறந்ததும் அதை இரவில் அணைத்துவிடுங்கள். நடுராத்திரியில் விழும் வெளிச்சம் அவரையின் கணக்கைக் கலைத்துவிடும். கொடி தழைக்கும், பூ தள்ளிப்போகும். இருளை அதற்கு விட்டுக்கொடுத்தால், பொங்கல் குழம்புக்கு உங்கள் கொல்லையிலேயே அவரைக்காய் பறிக்கலாம்.