இணைந்த நரம்பு வேர்கள்

இணைந்த நரம்பு வேர் என்பது, முதுகெலும்பிலிருந்து தனித்தனியே வெளியேற வேண்டிய அடுத்தடுத்த இரண்டு நரம்பு வேர்கள் ஒரே உறைக்குள் சேர்ந்து புறப்படும் பிறவி அமைப்பு வேறுபாடு ஆகும். இது பெரும்பாலும் இடுப்பின் அடிப்பகுதியில், ஐந்தாம் இடுப்பு நரம்பு வேரும் முதலாம் திருவெலும்பு நரம்பு வேரும் புறப்படும் இடத்தில் காணப்படுகிறது. இது ஒரு நோயன்று. இவ்வமைப்புடைய பலர் வாழ்நாள் முழுவதும் அதை அறியாமலே இருப்பர். ஆனால் அவர்களுக்கு முதுகில் அறுவை மருத்துவம் தேவைப்படும்போது, இது முன்னதாகக் கண்டறியப்படாவிட்டால் நரம்பு காயமுறும் அபாயம் உண்டு.

இயல்பான அமைப்பு

மனித உடலில் 31 இணைத் தண்டுவட நரம்புகள் உள்ளன. அவற்றுள் 5 இணை இடுப்புப் பகுதியையும், 5 இணை திருவெலும்புப் பகுதியையும் சார்ந்தவை. வளர்ந்தவர்களில் தண்டுவடம் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரை வாலைப் போன்ற கற்றையாக இறங்குகின்றன. ஒவ்வொரு வேரும் டியூரா எனப்படும் தடித்த சவ்விலிருந்து தனக்கென ஓர் உறையுடன் பிரிந்து, தனக்குரிய எலும்புத் துளை வழியே வெளியேறுகிறது. இவ்வாறு தனித்திருக்கும் வேருக்குச் சற்றே அசைந்துகொடுக்கும் இயல்பு உண்டு. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு சிறிதளவு பிதுங்கினாலும் அது ஓரளவு விலகிக்கொள்ளும். இணைந்த வேர் பருமனானது. இரண்டு திசைகளில் கட்டப்பட்டது போன்றது. எனவே அதற்கு விலக இடமில்லை. சிறு பிதுக்கமும் கடுமையான வலியைத் தரக்கூடும்.

வகைகள்

1983-இல் நெய்ட்ரே, மக்னாப் ஆகியோர் வெளியிட்ட வகைப்பாடு பரவலாகப் பயன்படுகிறது.

முதல் வகை: இரண்டு வேர்களும் பொது உறையில் புறப்பட்டு, பின்னர் பிரிந்து தத்தம் துளை வழியே செல்லும்.

இரண்டாம் வகை: இரண்டு வேர்கள் ஒரே துளை வழியே வெளியேறும். சிலரில் அடுத்த துளை வெறுமையாக இருக்கும்.

மூன்றாம் வகை: அடுத்தடுத்த வேர்களை ஓர் இணைப்புக் கிளை பாலம்போல இணைக்கும்.

கண்டறிதல்

இடுப்பு வலியும், பின்தொடையிலிருந்து பாதம் வரை பரவும் வலியும் முதன்மையான அறிகுறிகள். சாதாரணத் தட்டுப் பிதுக்கத்திலும் இவையே தோன்றும் என்பதால், அறிகுறிகளைக் கொண்டு மட்டும் இதைப் பிரித்தறிய இயலாது. எனினும் ஒரு குறிப்பு உதவும். கால் பெருவிரலை உயர்த்துவதில் பலவீனம் ஐந்தாம் இடுப்பு வேரின் பாதிப்பைக் காட்டும்; கணுக்கால் அனிச்சைச் செயல் குறைவது முதலாம் திருவெலும்பு வேரின் பாதிப்பைக் காட்டும். இரண்டும் ஒருங்கே இருந்து, படத்தில் ஒரேயொரு சிறு பிதுக்கம் மட்டும் தெரிந்தால், இணைந்த வேர் இருக்கலாம் என ஐயுற வேண்டும்.

சி.டி. ஸ்கேனில் பருத்த இணைந்த வேரைப் பிதுங்கி விழுந்த தட்டுத் துண்டு எனத் தவறாகக் கருத இடமுண்டு. எம்.ஆர்.ஐ. படமே இன்று சிறந்த துணை. அதில் டியூரா பையின் ஒரு பக்க மூலை மறுபக்கத்தைப் போலன்றி நீண்டிருத்தல், பைக்கும் வேருக்கும் இடையே பிறை வடிவில் கொழுப்பு தெரிதல், தட்டின் மட்டத்தில் வேர் முழு நீளத்துக்கும் கிடையாகத் தெரிதல் ஆகிய மூன்றும் முக்கியமானவை. இடம், வலம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இவை எளிதில் புலப்படும்.

படத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கடிஷ், சிம்மன்ஸ் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், இறந்தோர் உடல்களை அறுத்துப் பார்த்தபோது 14 விழுக்காட்டில் நரம்பு வேர் அமைப்பு வேறுபாடுகள் இருந்தன. சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களில் ஏறத்தாழ 4 விழுக்காடே தெரிந்தன.

மருத்துவம்

வலியில்லாதவர்க்கு மருத்துவம் தேவையில்லை. வலியுள்ளவர்க்கும் முதலில் மருந்து, உடற்பயிற்சி மருத்துவம், தேவையானால் நரம்பு வேரருகே ஊசி மருந்து ஆகியவை தரப்படும். இவற்றால் பயனில்லாதபோதும், தசைப் பலவீனம் வளரும்போதும் அறுவை மருத்துவம் செய்யப்படும். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குன்றினால் அது அவசர நிலை.

வழக்கமான தட்டு அறுவையில் சிறு திறப்பின் வழியே நரம்பு வேரை ஒரு பக்கமாக மெல்ல விலக்கி, பிதுங்கிய பகுதியை அகற்றுவர். இணைந்த வேரை அவ்வாறு விலக்க முடியாது. வலிந்து இழுத்தால் உறை கிழியும், நரம்பு காயமுறும். ஆகவே திறப்பை அகலமாக்கி, முள்ளெலும்பின் பின்வளைவையும் மூட்டின் உட்பகுதியையும் வேண்டிய அளவு நீக்கி, நரம்பு நெரிபடாதவாறு இடம் உண்டாக்குவர். இரண்டு வேர்களின் போக்கையும் நுண்ணோக்கியின் கீழ் தெளிவாகக் கண்ட பிறகே தட்டைத் தொடுவர். எலும்பை மிகுதியாக நீக்கினால் முதுகெலும்பின் உறுதி குறையும். அப்போது முள்ளெலும்புகளை இணைத்துப் பொருத்துவதும் தேவைப்படலாம்.

முன்னறிவின் இன்றியமையாமை

தட்டுத் துண்டு என்று எண்ணி வேரை வெட்டிவிட்டால், அதனால் வரும் பலவீனமும் உணர்விழப்பும் நிலைத்துவிடக்கூடும். அமைப்பு முன்பே தெரிந்திருந்தால் மருத்துவர் திறப்பின் அளவையும் அணுகும் முறையையும் முன்னதாகவே திட்டமிடலாம். முன்பு எடுத்த படங்களையும் அறிக்கைகளையும் நோயாளி பாதுகாத்து, ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுவது இதற்குப் பெரிதும் துணை செய்யும்.