பருவமும் நாட்காட்டியும்: பெங்களூரின் பூங்காவும் நூதனசாலையும் பற்றிய சில சிந்தனைகள்

நகரப் பூங்காக்களிலும் நூதனசாலைகளிலும் ஆண்டுதோறும் குறித்த காலங்களில் நடைபெறும் காட்சிகளைப் பொழுதுபோக்கு என்ற அளவிலேயே நோக்கிப் பழகியுள்ளோம். மலர்கள் தம் பருவத்திற் பூக்கின்றன, பூத்தவற்றை மக்கள் கண்டு மகிழ்கின்றனர், இதிலே ஆராய்வதற்கு என்ன உண்டு என்ற எண்ணமே பொதுவாக நிலவுகின்றது. ஆயின் இங்கே பருவம் எனப்படுவது யாருடைய பருவம்? மண்ணும் மழையும் வகுத்ததா, ஆட்சியிலிருப்போர் வகுத்ததா? அந்தப் பருவத்தை நிகழச் செய்வதற்கு உழைப்போர் யார்? இவ்வினாக்களை எழுப்பியவுடன் மலர்க்காட்சி சமூக வரலாற்றின் ஒரு பகுதியாகிவிடுகின்றது.

இதனை விளக்குவதற்குப் பெங்களூர் நகரை எடுத்துக்கொள்வோம். அரசு நடத்தும் பெரும் மலர்க்காட்சி, குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அமைந்த நூதனசாலை, தோட்டக்காரர் சமூகமொன்று தனக்கெனக் கொண்டாடும் விழா ஆகிய மூன்றும் அந்நகரில் அருகருகே நிலைபெற்றுள்ளன. ஒன்றன் இயல்பை மற்றொன்று துலக்கிக் காட்டுவதற்கு இத்தகைய வாய்ப்பு எல்லா நகரங்களிலும் கிட்டுவதில்லை.

பெங்களூரின் லால்பாக் பூங்கா 1760ஆம் ஆண்டளவில் ஹைதர் அலியினால் தொடங்கப்பெற்றது. முகலாய மரபைத் தழுவிய இத்தோட்டத்தை அவர் மகன் திப்பு சுல்தான் விரிவாக்கினார். தூர தேசங்களிலிருந்து விதைகளும் கன்றுகளும் தருவிக்கப்பட்டன. அரசனின் கண்ணுக்கும் நாவிற்கும் உரிய தோட்டமாகவே அது அன்று விளங்கியது. 1799இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்து திப்பு மடிந்த பின்னர் தோட்டம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1856இல் அது அரசாங்கத் தாவரவியற் பூங்கா ஆக்கப்பட்டது. கியூ பூங்காவிற் பயிற்சி பெற்றவர்கள் இலண்டனிலிருந்து வந்து இதனை நிருவகித்தனர். 1874 முதல் பல ஆண்டுகள் பொறுப்பிலிருந்த ஜோன் கமரோன் இவர்களுட் குறிப்பிடத்தக்கவர். கல்கத்தா, பேராதனை, பெங்களூர் ஆகிய இடங்களிலிருந்த பூங்காக்கள் ஒரே வலையின் கண்களாக இயங்கின. எந்தச் செடியை எந்த மண்ணில் நட்டால் இலாபம் கிட்டும் என்பதே அவ்வலையினூடே ஓடிய முதன்மையான வினாவாகும்.

லால்பாக்கின் கண்ணாடி மாளிகை இக்காலத்தின் சின்னமாகும். 1889ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இளவரசர் அல்பேட் விக்டர் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1851இல் இலண்டன் ஹைட் பார்க்கில் எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகையே இதற்கு முன்மாதிரி எனக் கூறப்படுவதுண்டு. குளிர் நாடுகளில் வெப்பத்தைத் தேக்கிச் செடிகளைக் காப்பதற்காகவே கண்ணாடி வீடுகள் தேவைப்பட்டன. ஏறக்குறைய 900 மீற்றர் உயரத்தில், மிதமான காலநிலையில் அமைந்த பெங்களூருக்கு அத்தேவை இருந்ததில்லை. அவ்வாறாயின் இது எதற்காக எழுந்தது? காட்சிக்காகவே எழுந்தது. பளிங்கு மாளிகையிலே தொழிற்சாலைப் பண்டங்கள் வரிசையாக வைக்கப்பட்டவாறே இங்கு தாவரங்களும் வரிசையாக வைக்கப்பட்டன. மலரோடு காய்கறியும் பழமும் இடம்பெற்றன. தமிழ்நாட்டிலே இன்றும் சௌசௌவைப் பெங்களூர்க் கத்தரிக்காய் என வழங்குவர். வெளிநாட்டிலிருந்து வந்த காயொன்று எந்த ஊர் வழியாகப் பரவியது என்பதை அப்பெயரே காட்டிவிடுகின்றது.

இக்காலத்திலே பருவம் பற்றிய கருத்தும் மாற்றமடைந்தது. இங்கிலாந்திற் கோடையிலே மலரும் ஓராண்டுச் செடிகள் பெங்களூரில் மழைக்காலம் ஓய்ந்தபின் விதைக்கப்பட்டு, மார்கழி, தை மாதங்களின் குளிரிலே மலர்ந்தன. தென்னிந்தியாவின் குளிர்காலம் இவ்வாறு இங்கிலாந்தின் கோடையாக ஆக்கப்பட்டது. பாளையத்தில் வாழ்ந்த ஆங்கில அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தினரும் தம் ஊரின் பருவத்தை இங்கே கண்டு களித்தனர்.

1912இல், ஜேர்மனியரான குரும்பிகல் என்பார் பூங்காவின் பொறுப்பிலிருந்த காலத்தில், மைசூர்த் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. இந்தியா விடுதலை பெற்ற பின்னர் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய இரு நாட்களையும் ஒட்டி ஆண்டுக்கு இரு காட்சிகள் என்ற வழக்கம் நிலைபெற்றது. இதன் முற்போக்கான அமிசத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஒருகாலத்தில் மன்னருக்கும் பின்னர் துரைமாருக்கும் உரியதாயிருந்த தோட்டத்திலே இன்று இலட்சக்கணக்கான சாதாரண மக்கள், கைக்குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு, நுழைவுச்சீட்டு வாங்கி உலவுகின்றனர். குடியரசு என்ற சொல்லுக்கு அவர்கள் காணும் கண்கூடான பொருள்களுள் இதுவும் ஒன்றாகும்.

எனினும் குடியரசு பிறந்த நாளையும் விடுதலை பெற்ற நாளையும் செடிகள் அறியா. ஜனவரியின் உலர்ந்த குளிர் பூஞ்செடிகளுக்கு ஏற்றது. ஆகஸ்ட் மாதமோ தென்மேற்குப் பருவமழைக் காலம். மேகமூட்டத்தில் வெயில் குறையும், ஈரத்தில் மொட்டுகள் அழுகும், பூசண நோய்கள் பரவும். அவ்வாறிருந்தும் குறித்த நாளில் ஆயிரக்கணக்கான தொட்டிகள் ஒருங்கே மலர்ந்து நிற்கின்றன. இது நிகழும் முறையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

றோசாச் செடியைக் கவாத்துச் செய்தால், வகைக்கும் காலநிலைக்கும் ஏற்ப ஆறு முதல் எட்டு வாரங்களிற் புதிய தளிர் வளர்ந்து மலர் தரும். ஆகவே தோட்டக்காரர் காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டும். ஓராண்டுச் செடிகளின் நுனியைக் கிள்ளிவிட்டாற் கிளைகள் பெருகும், மலர்ச்சியும் சில நாட்கள் தள்ளிப்போகும். மழையோ வெயிலோ கணக்கைக் குலைத்துவிடலாம் என்பதால் ஒரே செடியைச் சில நாட்கள் இடைவிட்டுப் பல தொகுதிகளாக விதைப்பர். ஒரு தொகுதி தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

செவ்வந்தியின் செய்தி இன்னும் நுட்பமானது. இரவு நீண்டு பகல் குறுகும்போது மொட்டரும்பும் இயல்புடையது அச்செடி. பெங்களூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையளவில் அமைந்திருப்பதால், அங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே. எனவே செடியைத் தானே வளரவிட்டால் அது போதிய அளவு வளருமுன்னரே அரும்பு கட்டிவிடக்கூடும். இதனைத் தடுக்க இரவில் விளக்கேற்றிச் செடிக்கு நீண்ட பகலைப் போன்றதொரு மயக்கத்தை உண்டாக்குவர். விளக்கை நிறுத்திய நாளிலிருந்து, வகைக்கேற்ப ஏழு முதல் பன்னிரண்டு வாரங்களில் மலர்ச்சி வரும். பூ மலரும் நாளைத் தீர்மானிப்பது இங்கே விளக்கை அணைக்கும் கை எனலாம்.

இவ்வளவும் விஞ்ஞான அறிவும் உடலுழைப்பும் சேர்ந்த செயல்கள். விடியலில் நீரூற்றுவோர், களை பிடுங்குவோர், தொட்டி சுமப்போர், பூக்கொய்வோர் ஆகியோரின் மாதக்கணக்கான உழைப்பே காட்சி நடைபெறும் சில நாட்களில் அழகாகத் தோற்றமளிக்கின்றது. பார்ப்போர் அதனை இயற்கையின் கொடை எனக் கருதுகின்றனர். உழைப்பின் சுவடு தெரியாதிருத்தலே காட்சியின் வெற்றியாகக் கருதப்படுகின்றது. பண்டத்தின் பளபளப்பிலே அதனைப் படைத்தவன் மறைந்துபோகும் பொதுவிதிக்கு மலரும் விலக்கன்று.

அண்மைக் காலத்தில் இப்போக்கு மேலும் வளர்ந்துள்ளது. கண்ணாடி மாளிகையின் நடுவே, கொய்த மலர்களைக் கொண்டு பெரும் உருவங்களையும் கட்டட மாதிரிகளையும் அமைக்கும் வழக்கம் மேலோங்கியுள்ளது. பெருந்தொற்றினாற் காட்சிகள் தடைப்பட்டிருந்த பின்னர், 2022 ஆகஸ்டிலே திரைப்பட நடிகர்களான ராஜ்குமாரும் அவர் மகன் புனீத்தும் கருப்பொருளாயினர். 2024 ஜனவரியிற் பசவண்ணரும், அதே ஆண்டு ஆகஸ்டில் அம்பேத்காரும் இடம்பெற்றனர். வேரோடு நிற்கும் செடியின் காட்சி, வேரற்ற பூவின் காட்சியாக மாறிவருகின்றது. இங்கே பூ செங்கல்லின் பணியைச் செய்கின்றது. நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சுக் கட்டிகளிற் செருகப்படும் அப்பூக்கள் சில நாட்களில் வாடிவிடும். வாடியவற்றை அகற்றிப் புதியவற்றைச் செருகுவதும் கைவேலையே.

இதிலுள்ள முரண்பாடு சிந்தனைக்குரியது. உழைப்பையே வழிபாடாகக் கருதிய காயகக் கோட்பாட்டோடு பிணைந்தது பசவண்ணரின் பெயர். உழைக்கும் மக்களைச் சாதியின் பேரால் இழிவுபடுத்தும் சமுதாயத்தை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் போராடியவர் அம்பேத்கார். இவர்களைப் போற்றுவதற்கு எடுத்த காட்சியிலே, பூ வளர்த்தோரும் பூச் செருகியோரும் பெயரற்றவராய் நிற்பின், போற்றுதல் முழுமை பெற்றதாகாது.

இனி, தோட்டக்காரர் தாமே கொண்டாடும் விழாவினை நோக்குவோம். பெங்களூரின் மரபுவழித் தோட்டக்காரர் திகளர் எனப்படுவோர். தமிழ்ப் பிரதேசத்திலிருந்து சென்று குடியேறியோர் எனக் கருதப்படும் இவர்களின் பெயரே, கன்னடத்திலே தமிழரைச் சுட்டவும் வழங்கியதொன்றாகும். ஏரிகளின் கீழே காய்கறியும் பூவும் பயிரிட்டு வாழ்ந்த இவர்கள், சித்திரைப் பௌர்ணமி இரவிலே தருமராயர் கோயிலிலிருந்து கரக ஊர்வலம் நடத்துவர். திரௌபதையைத் தெய்வமாகக் கொண்ட விழா இது. பாண்டிருப்பிலும் உடப்பிலும் திரௌபதை வழிபாட்டைக் கண்ட நம்மவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பெண்வேடம் பூண்ட ஆடவர் ஒருவர் மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையிற் சுமந்து நள்ளிரவில் நகரை வலம் வருவார். முஸ்லிம் பெரியாரான தவக்கல் மஸ்தானின் தர்காவிலும் ஊர்வலம் தரித்துச் செல்லும்.

அது மல்லிகை பெருகிப் பூக்கும் காலம். எனவே விழாவின் நாளும் மலரின் பருவமும் இங்கே இணைந்தே வருகின்றன. விளக்கேற்றி மலரை ஏமாற்ற வேண்டிய தேவை இல்லை. பூவை விளைவித்தவனே அதனைத் தலையில் தாங்குகிறான். விழாச் சடங்குகளோடு தொடர்புடைய சம்பங்கி ஏரி பின்னாளில் வற்றி, அவ்விடத்தில் கண்டீரவ விளையாட்டரங்கு எழுந்தது. கரகச் சடங்கிற்கென ஒரு சிறு குளம் மாத்திரமே எஞ்சியது. ஏரியும் தோட்டமும் நீங்கிய நகரிலே தோட்டக்காரரின் விழா நினைவாகத் தொடர்கின்றது. மலர்க்காட்சி ஓங்கிய அதே நகரத்திலேயே மலர் விளைந்த நிலம் சுருங்கியது என்பதை நாம் சேர்த்தே நோக்க வேண்டும்.

நூதனசாலையிலும் இதையொத்த நிலையே காணப்படுகின்றது. பெங்களூர் அரசாங்க நூதனசாலை 1865இல், எட்வேட் பல்பூர் என்ற மருத்துவரின் முயற்சியால் நிறுவப்பட்டது. சென்னை நூதனசாலையை முன்னர் உருவாக்கியவரும் அவரே. அங்கு உயிருள்ள விலங்குகளை வைத்தபோது பார்வையாளர் பெருகியதைக் கண்டவர் அவர். அசையாத பொருளைக் காண மக்கள் தாமாக வருவதில்லை என்ற பாடம் அன்றே கற்கப்பட்டது. இன்றைய தற்காலிகக் கண்காட்சிகளும் சிறப்பு வாரங்களும் அப்பாடத்தின் வழிவந்தவையே.

ஆயின் நூதனசாலைப் பொருள்கள் தொடக்கத்தில் அசைவற்றுக் கிடந்தவையல்ல. பெங்களூர் நூதனசாலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆதகூர்க் கல் இதற்குச் சான்றாகும். ஏறக்குறைய கி.பி. 949ஆம் ஆண்டைச் சேர்ந்த இக்கன்னடக் கல்வெட்டு, தக்கோலப் போரிலே சோழ இளவரசன் இராசாதித்தன் மடிந்த செய்தியையும் கூறுகின்றது. தமிழக வரலாற்று மாணவர் இதனை அறிவர். கல்லின் முதன்மையான செய்தி வேறு. காளி என்ற வேட்டை நாய் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. அந்நாயின் நினைவாகக் கல் நாட்டி, நிலம் வழங்கி, கல்லுக்கு வழிபாடு செய்யாது உண்பவனைப் பழி சேரும் என விதித்தனர். தனக்கென ஒரு நிலமும் வழிபாடும் வேளையும் கொண்டிருந்த கல் அது. நூதனசாலையிலே அது பாதுகாப்புப் பெற்றது. தன் வேளையை இழந்தது. பாதுகாப்பை நாம் வேண்டாமென்பதில்லை. இழந்ததையும் பார்வையாளருக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இவை அயலூர்ச் செய்திகளாக மாத்திரம் அமைந்துவிடா. பேராதனைப் பூங்கா 1821இலும், கொழும்பு நூதனசாலை 1877இலும் தோன்றியவை. இரண்டும் அதே வரலாற்றின் விளைவுகள். நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலமும் அதன் மலர்க்காட்சியும் தோட்டத்துரைமாரின் ஓய்வுக்காலத்திலிருந்து வளர்ந்தவை. அங்கும் மலையகத் தொழிலாளரின் கைகளைப் பார்வையாளர் காண்பதில்லை.

காட்சிகளை நிறுத்த வேண்டும் என நாம் கூறவில்லை. ஒவ்வொரு செடியின் அருகிலும் அதன் விஞ்ஞானப் பெயரை எழுதுகின்றோம். அதனோடு விதைத்த நாளையும், வளர்த்தவர் பெயரையும் எழுதலாம். கல்லின் அருகே அதன் காலத்தை எழுதும்போது, அது நின்ற ஊரில் அதற்கு நிகழ்ந்த வழிபாட்டையும் எழுதலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. உழைப்பை மதிக்கும் நோக்கு ஒன்றே வேண்டும். அந்நோக்குடன் அமையும் காட்சியிலே மக்கள் பூவின் அழகை மாத்திரமன்றி, அதனை அந்நாளிற் பூக்கச் செய்த தம்மவரையும் கண்டுகொள்வர்.